கமிட்டி வீட்டுப் பிள்ளை

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியின் ஆண்டு விழா. மைதானத்தில் ஷாமியானா, வாடகைக்கு வந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் மூன்று வரிசையில் மட்டும் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ‘பி.டி.ஏ.’ (பெற்றோர் ஆசிரியர் கழகம்) என்று அச்சடித்த தாள். அதை செலோ டேப் போட்டு ஒட்டியவன், அதன் கமிட்டியில் இருக்கும் நான்தான். காலை ஏழு மணியிலிருந்து மைக் செட்காரரோடு மல்லுக்கட்டி, பிள்ளைகளுக்கு ஜூஸ் பாக்கெட் எண்ணிவைத்து, அந்த நாற்காலிகளையும் ஐந்தைந்தாகச் சுமந்து போட்டுவிட்டு, சாயங்காலம் ‘அப்பாடா’ என்று இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தபோது, அந்த இடம் எனக்கு நியாயமான கூலியாகத்தான் பட்டது.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா, வயர் கூடையும் கையுமாக ஓடி வந்தார். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே நடனம். என் பக்கத்து நாற்காலியைக் காட்டி, “இங்க குந்தலாமா தம்பி?” என்றார்.

“இது கமிட்டிக்குக்கா.”

“அப்டியா, சரி சரி” என்று பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார். அந்த நாற்காலிக்கு யாரும் வரவில்லை. விழா முடியும்வரை என் பைதான் அதில் உட்கார்ந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. நடனத்தில் என் மகள் முன்வரிசை, அக்காவின் மகள் மூன்றாவது வரிசை. நன்றாக ஆடியதால் கிடைத்த இடமா, என் மகள் என்பதால் கிடைத்த இடமா? டான்ஸ் மிஸ்ஸிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. கேட்காமலேயே நடந்துவிடுவதுதான் இந்தச் சலுகைகளின் குணம். ஒருவேளை அவள் நன்றாகவே ஆடியிருந்தாலும், அந்தப் பெருமையை முழுசாக அவளுக்குக் கொடுக்க முடியாமல் செய்துவிட்டது என் கமிட்டிப் பதவி.

பள்ளிக்கு ஊர்க்காரர்கள் வேலை பார்ப்பது நமக்குப் புதிதில்லை. காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் தலைமையிலும் இருந்த 1950களின் கடைசியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் நிலம், பெஞ்சு, கரும்பலகை என்று தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். 1964ல் மாநிலப் பெற்றோர் ஆசிரியர் கழகம் வந்தது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் எழுதியவர்களுக்கு அதன் வினாத்தாள் தொகுப்பு நினைவிருக்கும். ஆசிரியர் இல்லாத பாடத்துக்குக் கழக நிதியிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக வைப்பதும் உண்டு. ‘பி.டி.ஏ. டீச்சர்’ என்றால் அரசுப் பள்ளியில் படித்த எவருக்கும் தெரியும்.

2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் இன்னோர் அமைப்பைக் கொண்டுவந்தது. பள்ளி மேலாண்மைக் குழு, பேச்சுவழக்கில் எஸ்.எம்.சி. சட்டத்தின் 21வது பிரிவுப்படி அதில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு விகிதப்படி இடம் வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை அதன் வேலை. தமிழ்நாட்டில் 2022ல் இந்தக் குழுக்களை 20 பேர் கொண்டதாகப் புதிதாக அமைத்தார்கள். 2024ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். உதவி பெறும் பள்ளிகளில் குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். தனியார் சுயநிதிப் பள்ளிகளுக்கு இது கட்டாயமே இல்லை.

இந்த வித்தியாசம் முக்கியம். கார்ப்பரேஷன் பள்ளியில் கமிட்டி என்பது கணக்குக் கேட்கும் இடம். தனியார் பள்ளியில் அது பெரும்பாலும் நிர்வாகம் கூப்பிட்டுக் கொடுக்கும் உதவி வேலை. முன்னதில் தலைமையாசிரியர் கமிட்டிக்காரருக்கு ஒரு சலுகை செய்தால், ‘கழிவறைக்கு வந்த பணம் என்ன ஆச்சு சார்?’ என்ற கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும். பின்னதில் வேறு மாதிரி நடக்கும். தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தவென்று தமிழ்நாட்டில் 2009லேயே ஒரு சட்டம் வந்து, கட்டண நிர்ணயக் குழுவும் இருக்கிறது. நிர்ணயித்த தொகைக்கு மேல் வாங்கினால் முதலில் வாய் திறக்க வேண்டியவர்கள் பெற்றோரின் பிரதிநிதிகள். ஆனால் அந்தப் பிரதிநிதிக்கே மூன்று தவணையாகக் கட்டிக்கொள்ளத் தனியாக அனுமதி கொடுத்திருந்தால், ரசீது எங்கே என்று அவர் எப்படிக் கேட்பார்? அவருக்கு யாரும் லஞ்சம் கொடுத்துவிடவில்லை. ஆனாலும் அவர் வாய் திறக்கமாட்டார்.

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர், “தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்கமாட்டானா?” என்பார். எங்கள் கமிட்டியிலும் சொன்னார்கள். அந்தப் பழமொழி எனக்குப் பிடிக்கும். மனிதர்களைத் தெரிந்த யாரோ சொன்னது அது. நக்கட்டும். என் கேள்வி, புறங்கையில் வழிந்தது யாருடைய பங்கு என்பதுதான்.

விளையாட்டு விழா அன்று வெயிலில் நின்ற 12 பேருக்குக் கழகக் கணக்கில் பிரியாணி வாங்கினோம். அது தப்பே இல்லை. பில் இருக்கிறது, செலவு நோட்டில் ஒரு வரி இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டலாம். விழா முடியும்போது எனக்கு எம்.சி. ரோட்டில் வாங்கிய பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார்கள். அதன் விலை என்ன, வீட்டில் ஏற்கனவே நாலு கிடக்கிறதே என்பதெல்லாம் வேறு விஷயம். அதுவும் தப்பில்லை. வேலை பார்த்தவருக்கு வேலை கொடுத்தவர் நன்றி சொல்கிறார். செலவு கழகத்துடையது, வாங்கிக்கொண்டவர் வளர்ந்த ஆள்.

செக்‌ஷன் விஷயத்துக்கு வாருங்கள். ‘பி செக்‌ஷன் மிஸ் அடிக்கமாட்டாங்க, நல்லா சொல்லித் தருவாங்க’ என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். கமிட்டியில் இருப்பவர் ஆபீஸ் ரூமில் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை பி செக்‌ஷனுக்கு மாறிவிடும். இதற்கு யாரும் காசு செலவழிக்கவில்லை, எந்த நோட்டிலும் ஒரு வரி ஏறாது. ஆனால் பி செக்‌ஷனில் இருந்திருக்க வேண்டிய ஏதோ ஒரு பிள்ளை ஏ செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கிறது. வேலை பார்த்தது அப்பா, கூலி வாங்கியது பிள்ளை, கொடுத்தது பெயர்கூடத் தெரியாத வேறொரு பிள்ளை. பிரியாணிக்கும் இதற்கும் இடையில் எனக்குத் தெரிகிற கோடு இதுதான். சலுகை பெரிதா சிறிதா என்று பார்ப்பதில் பயனில்லை. முன்வரிசை நாற்காலி பார்வைக்குப் பிரியாணிப் பொட்டலத்தைவிடச் சின்ன விஷயம். ஆனால் அது செக்‌ஷன் மாற்றத்தின் பக்கம்தான் சேரும்.

யூனிஃபார்ம் துணி, நோட்டுப் புத்தகம், ஷாமியானா காண்ட்ராக்டை மச்சானுக்குப் பிடித்துக் கொடுப்பதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அதற்குப் பெயர் கமிஷன். மச்சான் குறைந்த விலைக்கே போட்டிருந்தாலும், உறவைச் சொல்லிவிட்டு முடிவு எடுக்கும் நேரத்தில் எழுந்து வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

சலுகையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாதது ஒன்று இருக்கிறது: கைக்காசு. எங்கள் செலவு நோட்டில் ஒரு வருடம் ‘இதர செலவு – 1,840’ என்று ஒரு வரி இருந்தது. ஆடிட் கேட்கிற இடமாக இருந்தால் புருவத்தை உயர்த்துவார்கள். தோண்டிப் பார்த்தால், பரிசுக்கான எவர்சில்வர் டப்பாக்கள் வாங்க ஓர் அம்மா பாரிமுனைக்கு நாலு நடை போய்வந்த ஷேர் ஆட்டோ காசும், மூட்டை தூக்கியவருக்குக் கொடுத்ததும், இரண்டு மாத போன் ரீசார்ஜும். அதைக் கேட்டு வாங்கவே அந்த அம்மாவுக்குக் கூச்சம். “தொண்டுன்னு வந்துட்டு காசு கேக்கறதா?” என்றார். கேட்கத்தான் வேண்டும். போட்ட காசைத் திருப்பித் தராத கமிட்டியில் கடைசியில் கைக்காசு போட முடிந்தவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். பொருளாளர் செய்த தப்பு, காசைக் கொடுத்ததில் இல்லை, ‘ஆட்டோ’ என்று எழுதாமல் ‘இதர’ என்று எழுதியதில்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். டப்பா வாங்க அலைவதும், காஸ்ட்யூமுக்குப் பொத்தான் தைப்பதும், கோலம் போடுவதும் அம்மாக்கள். மேடையில் பொன்னாடை வாங்குவது என்னைப் போன்ற அப்பாக்கள். அதாவது சலுகைகூட உழைத்தவர்களுக்குப் போவதில்லை, பதவிக்குப் போகிறது. ‘உழைத்தவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?’ என்ற வாதம் பாதி அங்கேயே செத்துவிடுகிறது.

மீதிப் பாதியைச் சாகடிப்பது நேரம். கமிட்டியில் இருக்க என்ன தகுதி வேண்டும்? சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வர முடிய வேண்டும். எங்கள் பகுதியில் அது யாரால் முடியும்? காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். அங்கே மீன் எடுக்கிற பெண்கள் பத்து மணிக்குத் தெருத் தெருவாக விற்றுக்கொண்டிருப்பார்கள். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர் எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்பார், அந்த வரிசை எப்போது நகரும் என்பது அவர் கையில் இல்லை. கொருக்குப்பேட்டையிலிருந்து தென்சென்னைக்கு வீட்டு வேலைக்குப் போகும் அம்மா அரைநாள் லீவு கேட்டால் அரைநாள் சம்பளம் போகும். நான் சொந்தமாக ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தம்பியை உட்கார வைத்துவிட்டு வந்துவிடுவேன். எனக்கும் அந்த மீன்கார அக்காவுக்கும் பிள்ளை மேல் இருக்கிற அக்கறையில் வித்தியாசமில்லை. கடையில் உட்கார ஒரு தம்பி இருக்கிறானா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

காசிமேட்டுக் கணக்கு இன்னும் கொடுமை. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த வீட்டு அப்பாக்களுக்கு வருடத்தில் நேரம் கிடைப்பதே அப்போதுதான். பள்ளியோ கோடை விடுமுறையில் இருக்கும், எந்தக் கமிட்டி வேலையும் நடக்காது. ஆனால் அட்மிஷனும் அடுத்த வருட ஃபீஸும் மட்டும் சரியாக அந்த நேரத்தில், கையில் காசில்லாத மாதங்களில் வந்து நிற்கும். கமிட்டி வேலை பார்க்கிற பெற்றோருக்கு ஃபீஸில் தவணை என்று பள்ளி ஒரு சலுகை வைத்தால், அது யாருக்கு வேண்டுமோ அவரைத் தவிர எல்லோருக்கும் கிடைக்கும்.

அதனால் ‘தொண்டு செய்தவருக்குச் சலுகை’ என்பதை ‘நேரம் இருந்தவருக்குச் சலுகை’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். நேரம் இருப்பவருக்கு ஏற்கனவே பல விஷயங்கள் இருக்கும். நமக்குத் தெரிந்த பந்திக் கதைதான் இது. பரிமாறுகிறவர் நம்மாளாக இருந்தால் கடைசி இலையில் உட்கார்ந்தாலும் கறி வரும். ஆள் இல்லாதவர் முதல் இலையில் உட்கார்ந்தாலும் ரசம்தான்.

அப்படியென்றால் தொண்டு செய்பவருக்கு எதுவுமே கொடுக்கக் கூடாதா? கொடுக்கலாம். அரசே கொடுத்திருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் பக்கத்தில் அதில் பாடம் எடுத்த பெண்கள் பலருக்கு அந்த ஆயிரம் இருந்ததால்தான் வீட்டில் அனுமதியே கிடைத்தது. 2022ல் அரசுப் பள்ளிகளின் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000 சம்பளம். தகுதி பார்க்காமல் வேண்டியவர்களுக்குப் போய்விடும் என்ற பயம் உடனே எழுந்தது, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. பிறகு வந்த வழிகாட்டு நெறிகளில் தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கும் முன்னுரிமை என்றார்கள். கவனியுங்கள், தொண்டு செய்தவருக்கு முன்னுரிமை என்பது இங்கேயும் சலுகைதான். ஆனால் முன்கூட்டியே எழுதிவைத்த விதி அது. படிப்புத் தகுதி வேண்டும், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், யார் வேண்டுமானாலும் எதிர்த்துக் கேட்கலாம். குழுத் தலைவி தன் மருமகளுக்கு வாங்கிக் கொடுப்பது வேறு, இது வேறு.

அமெரிக்காவில் இதே சண்டை வரிச் சட்டம் வழியாக நடக்கிறது. அங்கே பெற்றோர் சங்கங்கள் பல, வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்புகள். அந்த விலக்கு நிலைக்க வேண்டுமென்றால் சங்கத்தின் பலன் உள்ளே இருக்கிற தனி ஆட்களுக்குப் போய்ச்சேரக் கூடாது. ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் ஒன்று, நிதி திரட்டும் பெற்றோருக்குப் பாயிண்ட் கொடுத்து, அந்தப் பாயிண்ட்டுக்கு அவரவர் பிள்ளையின் கட்டணத்தில் கழித்துக்கொண்டது. நிதி திரட்டாதவர் முழுசாகக் கட்ட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, உழைத்தவருக்குத் தள்ளுபடி. 2013ல் அந்நாட்டு வரி நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பலன் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகாமல் உழைத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே போகிறது, இது பொதுநலம் ஆகாது என்று வரிவிலக்கை மறுத்தது. நாற்காலியில் தாள் ஒட்டிய எனக்கு அந்தத் தீர்ப்பைப் படித்தபோது கொஞ்சம் சுருக்கென்றது.

சலுகை கொடுத்தால்தான் ஆள் வரும் என்ற வாதத்துக்கு இஸ்ரேலில் செய்த ஒரு சோதனை நல்ல பதில். யூரி நீஸி, ஆல்டோ ருஸ்திச்சினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000ல் வெளியிட்டது. பள்ளி மாணவர்களை வீடு வீடாக நன்கொடை வசூலிக்க அனுப்பினார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றும் கிடையாது. ஒரு குழுவுக்கு வசூலில் 1 சதவீத அளவுக்குக் காசு, இன்னொன்றுக்கு 10 சதவீத அளவுக்கு. மூன்றில் அதிகம் வசூலித்தது காசு வாங்காத குழு. 10 சதவீதக் குழு அடுத்தது. 1 சதவீதக் குழுதான் கடைசி. சின்னதாக ஒரு கூலி வைத்த உடனே மனசு கூலிக் கணக்கு போட ஆரம்பித்துவிடுகிறது. ‘இவ்வளவு செய்தேனே, எனக்கு மூன்றாவது வரிசையா?’ என்று ஒருவர் எங்கள் கமிட்டியில் ஒரு வாரம் பேசாமல் இருந்தார். தாள் ஒட்டாமல் இருந்திருந்தால் அவர் சுவரோரம் நின்றே சந்தோஷமாகப் பார்த்திருப்பார்.

எல்லாவற்றிலும் கனமான சலுகை அட்மிஷன். அக்கா படிக்கிற பள்ளியில் தங்கைக்கு எல்.கே.ஜி. சீட், அப்பா கமிட்டியில் இருப்பதால் ‘பார்த்துக்கலாம் சார்’. பலருக்கு இது சலுகையாகவே தெரிவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 13வது பிரிவு நன்கொடை வாங்கிச் சேர்ப்பதையும், பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டிச் சேர்ப்பதையும் தடுக்கிறது. வடிகட்டல் என்றால் என்ன என்பதற்கு அதே சட்டம் தரும் விளக்கம் கூர்மையானது: குலுக்கல் போன்ற முறையில் அல்லாமல், ஒரு பிள்ளையைவிட இன்னொரு பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் எந்த முறையும். வடிகட்டினால் முதல் மீறலுக்கு 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 வரை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வடசென்னையில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய. ஆனால் சட்டம் அபராதம் போடாத இடத்தில் மட்டும் வரிசையைத் தாண்டுவது நியாயமாகிவிடுமா என்ன?

அடுத்த வருடம் நான் கமிட்டியில் ஒரு யோசனை சொன்னேன். நாற்காலியில் தாள் வேண்டாம், எல்லாப் பெற்றோருக்கும் நம்பர் போட்ட டோக்கன், பிள்ளைகளை விட்டே குலுக்கி எடுக்கச் சொல்லலாம் என்று. ஒருவார வாக்குவாதத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். பாதுகாப்புக்கு நிற்கும் நான்கு பேருக்கு மட்டும் ஓரத்தில் இடம், வேலை முடிந்தவர்கள் எல்லோருக்கும் பின்கட்டில் டீயும் போண்டாவும், கழகக் கணக்கில். செலவு நோட்டில் ‘போண்டா’ என்றே எழுதினோம். முன்வரிசையில் ஆடும் பிள்ளைகளைப் பாட்டின் ஒவ்வொரு சரணத்துக்கும் மாற்றிவிட டான்ஸ் மிஸ் ஒத்துக்கொண்டார். எங்கள் தலைவருக்கு விழுந்தது பதினோராவது வரிசை, ஷாமியானாக் கம்பத்துக்கு நேர் பின்னால். சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார், கழுத்தை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்துக்கொண்டு.

மீன்கார அக்காவுக்கு இரண்டாவது வரிசை, நடு நாற்காலி. நாலு மணிக்கு விழா ஆரம்பித்தது. நாலே முக்காலுக்கு நடனம் முடிந்துவிட்டது. அவர் மகள் கடைசிச் சரணத்தில் முன்வரிசைக்கு வந்து ஆடினாள். நாற்காலி காலியாகவே இருந்தது. ஐந்தரைக்கு அக்கா கூடையோடு வந்து சேர்ந்தார்.

“அடுத்த வருஷம் ஞாயித்துக்கிழமைல வைக்கலாம்னு பேசிக்கிட்டிருக்கோம்க்கா, எல்லாரும் வர்ற மாதிரி” என்றேன்.

“ஞாயித்துக்கெழமையா?” என்று சிரித்தார். “அன்னிக்குதான தம்பி மீனே போவும்.”